கண்காட்சி முடிந்த பிறகு கடன் மிஞ்சக் கூடாது!

வாசகர் கேள்வி

'எங்கள் ஊரில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து சின்னதாக ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். மலையில் உள்ள நாட்டு மாடு, வெள்ளாடு, நாட்டுக்கோழிகளுக்குக் கண்காட்சி நடத்திப் பரிசு கொடுக்கிறோம். முதல் வருடம் நன்கொடை தாராளமாக வந்தது. இரண்டாம் வருடம், தருகிறேன் என்று சொன்னவர்களில் பாதிப் பேர் தரவில்லை. பந்தல்காரருக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு வாங்கியவர்களுக்கு முழுத் தொகை போய்ச் சேரவில்லை. இந்த வருடம் நடத்தலாமா, விட்டுவிடலாமா? கையைக் கடிக்காமல் நடத்த வழி உண்டா?'

- வாசகர், வாசலூர்பட்டி, கொல்லிமலை.

பதில்:

நடத்தலாம். ஆனால், பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டு நடத்த வேண்டும். அதிலும் பந்தல்காரரைவிட முதலில் கொடுக்க வேண்டியது பரிசு பாக்கி உள்ளவர்களுக்குத்தான்.

காரணம் எளிமையானது. மலையில் ஒருவர் தன் மாட்டைக் கண்காட்சிக்கு ஓட்டி வருகிறார் என்றால், அன்றைய கூலியை விட்டுவிட்டு வருகிறார். காலையில் மாட்டைக் குளிப்பாட்டி, மேய்ச்சலை விட்டு, பல கிலோமீட்டர் நடத்திக் கொண்டு வந்து, வெயிலில் நாள் முழுவதும் கட்டி வைத்திருக்கிறார். மேடையில் பெயர் சொல்லி அழைத்து, கை தட்டி, பரிசு என்று அறிவித்துவிட்டுப் பணம் தராவிட்டால், அடுத்த வருடம் அவர் மட்டும் வராமல் இருக்க மாட்டார். அவர் தெருவே வராது. சங்கத்துக்கு நிலம் கிடையாது, கட்டடம் கிடையாது. மாடு வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் நம்பிக்கைதான் அதன் முதல். அந்த முதலைத் தின்றுவிட்டு எந்தச் சங்கமும் நிற்காது.

கடன் வாங்கி இந்த பாக்கியைத் தீர்க்க வேண்டாம். உறுப்பினர் சந்தாவில் இருந்தே தீருங்கள். ஒரே தவணையில் முடியாவிட்டால், என்றைக்குள் எவ்வளவு என்று தேதி போட்டு எழுதிக் கொடுத்து, அந்தத் தேதியில் கொடுங்கள். பெரும்பாலான பந்தல்காரர்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்கள்.

இனி, இரண்டாம் வருடம் ஏன் துண்டு விழுந்தது என்று பார்ப்போம்.

சந்தை வேறு, கண்காட்சி வேறு

ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவை ஒட்டி மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும் கூடுகின்றன. திருப்பூர் மாவட்டம் வெள்ளகோவில் அருகே கண்ணபுரத்தில் மாரியம்மன் கோயில் தேர்த் திருவிழாவை ஒட்டி காங்கேயம் மாடுகளுக்கான சந்தை கூடுகிறது. இவை தலைமுறை தலைமுறையாக நடந்து வருவதற்கு ஒரு பணக் காரணம் உண்டு. கூட்டத்தைக் கூட்டும் செலவைக் கோயில் திருவிழா ஏற்கிறது. விற்பவரும் வாங்குபவரும் தங்கள் வியாபாரத்துக்காகத் தங்கள் செலவில் வருகிறார்கள். யாரும் யாருக்கும் வண்டிச் சத்தம் தர வேண்டியதில்லை, பரிசு தர வேண்டியதில்லை.

திருப்பூர் மாவட்டம் குட்டப்பாளையத்தில் இயங்கும் சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி மையம், பழையகோட்டையில் காங்கேயம் இனத்துக்கென்றே ஞாயிற்றுக்கிழமைச் சந்தை நடத்தி வருகிறது. மாடு வளர்ப்பவருக்கு வாங்கும் ஆள் கிடைக்கிறார். வாங்குபவருக்கு இனம் கலக்காத மாடு ஒரே இடத்தில் கிடைக்கிறது. இனத்தைக் காப்பாற்றும் வேலையும் வியாபாரமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன.

தனியாக நடக்கும் கண்காட்சிக்கு இந்த இரண்டு ஊன்றுகோலும் கிடையாது. கூட்டத்தைச் சங்கம்தான் கூட்ட வேண்டும். மாடு கொண்டு வருபவருக்குச் சங்கம்தான் ஏதாவது தர வேண்டும். செலவு முழுவதும் முன்கூட்டியே வந்துவிடும்; வரவு கடைசி நாளில்தான் வரும், சில நேரம் வராமலே போகும். இந்த ஒரு வித்தியாசத்தை உணராமல், 'திருவிழா மாதிரி நடந்துவிடும்' என்று இறங்குவதுதான் முதல் தவறு.

ஒரு மாட்டுக்கு என்ன செலவு?

'பரிசுக்கு 30,000 ரூபாய் இருந்தால் கண்காட்சி நடத்திவிடலாம்' என்றுதான் பலரும் கணக்குப் போடுகிறார்கள். 100 கால்நடைகள் கலந்துகொள்ளும் ஒருநாள் கண்காட்சிக்கு ஒரு மாதிரிக் கணக்கு கீழே இருக்கிறது. தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

பந்தல், கட்டுத்தறி, மைக்செட் - 25,000
தண்ணீர், பசுந்தீவனம், சாணம் அள்ளும் கூலி - 8,000
கால்நடை கொண்டு வருவோருக்கு வண்டிச் சத்தம் - 20,000
சாப்பாடு, 250 பேருக்குத் தலா 80 வீதம் - 20,000
நடுவர்கள் வந்துபோகும் செலவு, முதலுதவி - 7,000
நோட்டீஸ், சான்றிதழ், எண் அட்டை - 5,000
பரிசு - 30,000
கூட்டினால் - 1,15,000
எதிர்பாராத செலவுக்கு 10 சதவிகிதம் - 11,500
மொத்தம் - 1,26,500

அதாவது, ஒரு கால்நடைக்கு 1,265 ரூபாய். மொத்தச் செலவில் பரிசு நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதி மூன்று பங்கு, நோட்டீஸில் அச்சிடப்படாத செலவு. இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

வரவைப் பார்ப்போம். 60 உறுப்பினர்கள் தலா 500 ரூபாய் சந்தா தந்தால் 30,000. விதை, கருவி, தீவனம், தின்பண்டம் என்று 20 கடைகள் தலா 1,000 ரூபாய் வாடகை தந்தால் 20,000. நன்கொடை தருவதாகப் பலர் சொன்ன தொகை 85,000. ஆக மொத்தம் 1,35,000. காகிதத்தில் 8,500 ரூபாய் மிச்சம்!

சொன்ன நன்கொடையில் பாதிதான் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரவு 92,500 ஆகிவிடும். துண்டு 34,000 ரூபாய். பரிசுத் தொகையோ 30,000. பந்தல்காரரும் சமையல்காரரும் அன்றே கேட்டு வாங்கிவிடுவார்கள். பரிசு வாங்கியவர் கூச்சத்தில் கேட்காமல் இருப்பார். பரிசுப் பணம் ஏன் நின்றுபோனது என்பதற்கு விடை இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

மூன்று வகை வரவு

வரவை ஒரே பட்டியலில் எழுதாதீர்கள். மூன்று பத்தியாகப் பிரியுங்கள். வங்கிக்கு வந்துவிட்ட பணம் முதல் பத்தி. முன்பணம் கொடுத்தோ, எழுத்தில் ஒப்புக்கொண்டோ உறுதி செய்த பணம் இரண்டாவது பத்தி. 'பார்த்துக்கலாம் தம்பி, செஞ்சுடலாம்' என்று சொன்ன பணம் மூன்றாவது பத்தி. மூன்றாவது பத்தியை நம்பி ஒரு ரூபாய்கூடச் செலவுக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது. அது வந்தால் சேமிப்புக்குப் போகட்டும்.

இதை நடைமுறைக்குக் கொண்டுவர இரண்டு கெடுக்கள் போதும்.

ஒன்று, நோட்டீஸ் அச்சுக்குப் போவதற்கு முன்பு, பரிசுத் தொகை முழுவதும் வங்கியில் இருக்க வேண்டும். நோட்டீஸில் அச்சிட்ட பரிசு, அந்த நிமிடமே சங்கத்தின் கடன். உறுப்பினர் சந்தாவைப் பரிசுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். மேலே உள்ள கணக்கில் சந்தாவும் பரிசும் ஒரே தொகையாக இருப்பது அதற்காகத்தான்.

இரண்டு, கண்காட்சிக்கு 30 நாள்களுக்கு முன்பு, மற்ற செலவுகளான 85,000 ரூபாய்க்கு முதல் இரண்டு பத்திகளில் பணம் இருக்கிறதா என்று செயற்குழு கூடிப் பார்க்க வேண்டும். இருந்தால் பெரிய கண்காட்சி. இல்லாவிட்டால் சின்னக் கண்காட்சி. விரலுக்கேற்ற வீக்கம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சின்னக் கண்காட்சி எப்படி இருக்கும்? முழுநாளை அரைநாளாக்குங்கள். மரநிழல் உள்ள மைதானத்தில் வைத்தால் பந்தல் செலவு 12,000-க்குள் அடங்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பதில் தேநீர், சுண்டல், கேழ்வரகுக் கூழ் என்றால் 6,000 போதும். நடந்து வரும் தூரத்தில் உள்ள ஊர்களுக்கு முன்னுரிமை கொடுத்தால் வண்டிச் சத்தம் 10,000. தண்ணீர், தீவனம் 6,000. நடுவர் செலவு அதே 7,000. அச்சுச் செலவு 3,000. பரிசு அதே 30,000. கூட்டினால் 74,000. பத்து சதவிகிதம் சேர்த்தால் 81,400. வரவு 92,500 என்றால் 11,100 ரூபாய் மிஞ்சும். கடைகள் பாதியாகக் குறைந்து வாடகை 10,000 ரூபாய் குறைந்தாலும் கையைக் கடிக்காது.

நன்கொடை அதே பாதிதான் வந்திருக்கிறது. ஒன்றில் 34,000 ரூபாய் துண்டு. இன்னொன்றில் 11,100 மிச்சம். வித்தியாசம், 30 நாள்களுக்கு முன்பு எடுத்த ஒரு முடிவு.

எந்த மாதம் வைப்பது?

ஆடி மாதம் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கும்போது மலை முழுவதும் கூட்டம் இருக்கும். அதோடு சேர்த்து வைத்தால் ஆள் கூட்டும் செலவு இல்லை என்று தோன்றும். ஆனால், அந்த நாள்களில் வண்டி கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை கூடும், நன்கொடையாளர்களின் கவனமும் அங்கேதான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. கொண்டை ஊசி வளைவுகளில் மண் சரிந்தால் நடுவர்களே மேலே வர முடியாது.

தை கடைசியில் இருந்து மாசி வரை வசதியான காலம். அறுவடை முடிந்து ஆள்கள் ஓய்வாக இருப்பார்கள். மாட்டுப் பொங்கல் முடிந்த கையோடு மாடுகளும் பார்க்க லட்சணமாக இருக்கும். நிதியாண்டு மார்ச் 31-ல் முடிவதால், கண்காட்சி முடிந்த சில வாரங்களிலேயே எல்லா பாக்கியையும் தீர்த்து, அந்த வருடக் கணக்கை அந்த வருடத்திலேயே மூடிவிடலாம். அடுத்த வருடச் சந்தாவை மிளகு விற்ற பணம் கையில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். கண்காட்சிக்குப் பத்து மாதங்களுக்கு முன்பே பரிசுப் பணம் வங்கியில் சேர்ந்துவிடும்.

வாசலூர்பட்டிக்குப் படகு இல்லத்தைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். அவர்கள் மாட்டைப் பார்க்க நுழைவுக் கட்டணம் தருவார்கள் என்று நம்பி பட்ஜெட் போட வேண்டாம். ஆனால், மிளகு, காபி, தேன், சிறுதானியம் விற்கும் கடைகளுக்கு அவர்கள்தான் வாடிக்கையாளர்கள். அதனால் வார இறுதி நாளில் வைத்தால் கடை வாடகை தயங்காமல் கிடைக்கும்.

செலவு குறையும் இடங்கள்

கால்நடை பராமரிப்புத் துறை கிராமங்களில் கால்நடை சுகாதார முகாம்கள் நடத்துகிறது. குடற்புழு நீக்கம், சினைப் பரிசோதனை, தடுப்பூசி எல்லாம் அங்கே உண்டு. கிடாரிக் கன்றுப் பேரணி நடத்திச் சிறந்த கன்றுகளுக்குப் பரிசும் தருகிறார்கள். உங்கள் பகுதி கால்நடை உதவி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி, முகாமையும் கண்காட்சியையும் ஒரே இடத்தில் அமைக்க முடியுமா என்று கேளுங்கள். மருத்துவச் செலவு மிச்சமாகும். அதைவிட முக்கியம், பரிசு கிடைக்காதவரும் வெறும் கையோடு திரும்ப மாட்டார்.

நடுவர்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, அங்கேயே இயங்கும் வேளாண் அறிவியல் நிலையம் ஆகியவற்றை அணுகலாம். கடிதம் கொடுத்து, இரண்டு மாதங்களுக்கு முன்பே தேதியை உறுதி செய்யுங்கள்.

கீழ்நாட்டில் இருந்து மாடுகளை ஏற்றி வர ஆசைப்பட வேண்டாம். காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். வண்டி வாடகையும் அதிகம், மாடும் சோர்ந்துபோகும். இது மலை மாடுகளுக்கான கண்காட்சி. வளப்பூர்நாடு, வாழவந்திநாடு, அரியூர்நாடு என்று மலைக்குள் இருக்கும் ஊர்களே போதும்.

கறவைப் போட்டி வைத்தால் கூட்டம் வரும். ஆனால், முந்தின நாள் மாலையே மாட்டைக் கொண்டு வந்து, மடி ஒட்டக் கறந்துவிட்டு, மறுநாள் கறவையைத்தான் அளக்க வேண்டும். மாடும் ஆளும் ஓர் இரவு தங்கும் செலவு சேரும். சேமிப்பு உள்ள சங்கத்துக்குத்தான் அது தாங்கும். தவிர, குறைவாகக் கறந்தாலும் உழவுக்கும் எருவுக்கும் உதவும் மலை மாட்டை, கறவை அளவால் மட்டும் எடைபோட்டால், கண்காட்சியின் நோக்கமே அடிபட்டுவிடும்.

மாடு கொண்டு வருபவரிடம் நுழைவுக் கட்டணம் வாங்காதீர்கள். அதற்குப் பதில் பெயர் பதிவு செய்யும்போது 100 ரூபாய் வைப்புத்தொகை வாங்கி, கால்நடையோடு வந்ததும் திருப்பிக் கொடுங்கள். எத்தனை பேர் உண்மையில் வருவார்கள் என்பது முன்பே தெரியும். தீவனம், சாப்பாடு, கட்டுத்தறி எதுவும் வீணாகாது.

இவற்றைச் செய்யாதீர்கள்

பணம் திரட்டப் 'பம்பர் குலுக்கல்' சீட்டு விற்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டு முதல் லாட்டரிக்குத் தடை உள்ளது. சீட்டு விற்றுக் குலுக்கல் நடத்துவது சங்கத்தை வழக்கில் கொண்டுபோய் விட்டுவிடும்.

சேவல் சண்டை, கிடா முட்டு வைத்தால் கூட்டமும் பணமும் சேரும் என்பார்கள். விலங்குகளைச் சண்டைக்கு ஏவுவது 1960-ம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நாட்டுச் சேவலின் அழகுக்குப் பரிசு கொடுங்கள், சண்டைக்குக் கொடுக்காதீர்கள்.

வட்டிக்கு வாங்கி நடத்தாதீர்கள். கண்காட்சியில் விளைச்சல் கிடையாது. வட்டி கட்ட வருமானம் வராது. தனி ஒருவர் கைப்பணத்தைப் போட்டு, 'அப்புறம் எடுத்துக்கொள்கிறேன்' என்பதும் ஆபத்துதான். இரண்டு வருடத்தில் சங்கம் அவருடையதாகிவிடும். அல்லது அவர் மனக்கசப்போடு விலகிவிடுவார்.

நோய் வந்தால் என்ன செய்வது?

கால்நடைக் கண்காட்சிக்கு மட்டுமே உள்ள ஆபத்து இது. ராஜஸ்தானின் புஷ்கர் கால்நடைச் சந்தை நாடறிந்தது. 2022-ம் ஆண்டு தோல் கட்டி நோய் பரவியபோது, அங்கேயே கால்நடைகள் கூட அனுமதி தரப்படவில்லை. 2009-ம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, நோய் பரவும் பகுதியில் சந்தை, கண்காட்சிகளுக்குத் தடை விதிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. தடை வந்தால் வாதாடிப் பயனில்லை, வாதாடவும் கூடாது. ஒரு நாள் கூட்டத்தில் பரவும் கோமாரி, ஊர் முழுக்கக் கறவையை வற்ற வைத்துவிடும்.

அதனால், கண்காட்சிக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே தடுப்பூசி போட்ட கால்நடைகளை மட்டும் பதிவு செய்யுங்கள். பந்தல்காரர், மைக்செட்காரரிடம் கால் பங்குக்கு மேல் முன்பணம் தர வேண்டாம். 'நோய்த் தடையால் நின்றுபோனால், முன்பணம் அடுத்த தேதிக்குச் செல்லும்' என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

அதோடு ஒரு சேமிப்பு நிதியும் தேவை. பரிசு நீங்கலான ஒரு வருடச் செலவு, அதாவது இந்தக் கணக்கில் 85,000 ரூபாய், வைப்புநிதியில் இருக்க வேண்டும் என்பது இலக்கு. வருடம் 20,000 ஒதுக்கினால் ஐந்தாம் வருடம் இலக்கைத் தொடலாம். அதுவரை சின்னக் கண்காட்சிதான்.

பெரிய அமைப்புகளுக்கும் இதே பாடம்தான். இங்கிலாந்தின் ராயல் வேளாண் கழகம் 1839-ல் ஆக்ஸ்ஃபோர்டில் தன் முதல் கண்காட்சியை நடத்தியது. உலகின் பல நாடுகளில் நடக்கும் கால்நடைக் கண்காட்சிகளுக்கு அது முன்மாதிரி. 2001-ல் கோமாரி நோயால் அந்த வருடக் கண்காட்சி நின்றது. பிறகு நஷ்டம் தொடர்ந்ததால், 2009-ம் ஆண்டோடு கண்காட்சியையே நிறுத்திவிட்டார்கள். ஆனால், கழகம் மூடப்படவில்லை. வேளாண்மைக்கான வேறு பணிகளோடு இன்றும் இருக்கிறது. ஒரு வருடம் கண்காட்சி நடக்காவிட்டால் சங்கம் செத்துவிடாது. பொலிகாளை யாரிடம் இருக்கிறது, கன்று யாரிடம் விற்பனைக்கு இருக்கிறது என்று ஒரு பதிவேடு வைத்து, தேவைப்படுபவருக்குச் சொல்வதும் சங்கத்தின் வேலைதான். அதற்குப் பந்தல் தேவையில்லை.

பதிவும் வரியும்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் ஏழு பேர் இருந்தாலே சங்கம் பதிவு செய்யலாம். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வருடா வருடம் பொதுக்குழு கூட்டி, கணக்கை ஒப்புதல் பெற்று, பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். பதிவோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடும் சங்கங்கள்தான் பின்னால் சிக்கலில் மாட்டுகின்றன.

வருமான வரி விலக்கு தனி. 1961-ம் ஆண்டுச் சட்டத்தில் 12ஏபி என்பது சங்கத்தின் வருமானத்துக்கு விலக்கு. 80ஜி என்பது நன்கொடை தருபவருக்குக் கிடைக்கும் கழிவு. 2025-ம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால், பிரிவு எண்கள் மாறும். ஆடிட்டரிடம் புதிய எண்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். கவனிக்க வேண்டியவை நான்கு.

80ஜி-யை மட்டும் நம்பி நன்கொடை கேட்காதீர்கள். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்த தனிநபர்களுக்கு இந்தக் கழிவு கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தாலும் கழிவு கிடையாது.

விலக்கு பெற்ற சங்கம், வருட வரவில் 85 சதவிகிதத்தை நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும். 15 சதவிகிதத்தைத் தடையின்றிச் சேமிக்கலாம். 1,35,000 ரூபாய் வரவு என்றால் 20,250 ரூபாய். மேலே சொன்ன சேமிப்பு இலக்கு இதற்குள் அடங்கிவிடும்.

சங்கத்தின் நோக்கம் 'பொதுப் பயன்பாடு' என்ற வகையில் வந்தால், கடை வாடகை, விளம்பரம் போன்ற வணிக வரவு மொத்த வரவில் 20 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த வருட விலக்கு போய்விடும். கடைகளைக் கூட்டுவதற்கு முன்பு இதை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, அதாவது சி.எஸ்.ஆர் பணம் கேட்க, வரி விலக்குப் பதிவுகளோடு மூன்று வருடச் செயல்பாடும், சி.எஸ்.ஆர்-1 படிவப் பதிவும் வேண்டும். உடனே கிடைக்காது. ஆனால், இன்று ஒழுங்காக எழுதும் கணக்குதான் மூன்று வருடம் கழித்து அந்தக் கதவைத் திறக்கும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர்கள் சங்கத்துக்குப் பணம் அனுப்ப விரும்பினால், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் அனுமதி பெறாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. இந்தியக் குடியுரிமையோடு அங்கே வேலை செய்பவர் தன் சேமிப்பில் இருந்து வங்கி வழியாகத் தந்தால் தடை இல்லை.

கணக்கு ஊருக்குத் தெரியட்டும்

சங்கத்தின் பெயரில் ஒரே வங்கிக் கணக்கு. பணம் எடுக்க இருவர் கையெழுத்து. அந்த இருவரும் ஒரே வீட்டைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது. வரிசை எண் போட்ட ரசீதுப் புத்தகம். 50 ரூபாய் தந்தவருக்கும் ரசீது. ஒருவர் தீவனக் கட்டு தந்தார், இன்னொருவர் பந்தல் கம்பு தந்தார் என்றால், அதையும் தனி நோட்டில் பெயரோடு எழுதுங்கள். பணமாக வராததால் மறந்துபோகும் இந்த உதவிதான் பல சின்னச் சங்கங்களைத் தாங்கி நிற்கிறது.

'ஆத்துல போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். கண்காட்சி முடிந்த ஏழாவது நாள், வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, பாக்கி இவ்வளவு என்று ஒரே பக்கத்தில் எழுதி, ரேஷன் கடை, பால் சேகரிப்பு இடம், பேருந்து நிறுத்தம் என்று மக்கள் கூடும் இடங்களில் ஒட்டுங்கள். பாக்கி இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். போன வருடம் நன்கொடை தராமல் விட்டவர்களில் சிலர், பணம் எங்கே போகிறது என்று தெரியாததால்தான் கையை இழுத்திருப்பார்கள்.

இந்த வருடம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதல் வேலை, பரிசு பாக்கி. அடுத்தது, பரிசுப் பணத்தை வங்கியில் போட்ட பிறகு நோட்டீஸ். அதன்பின், 30 நாள் கெடுவில் பெரியதா, சின்னதா என்று முடிவு. பரிசு பாக்கியைக் கொடுக்கும்போது செயலாளரை மட்டும் அனுப்பாமல், செயற்குழுவினர் நான்கைந்து பேராக அவரவர் வீட்டுக்கே போய்க் கொடுங்கள். இந்த வருடக் கண்காட்சிக்கான அழைப்பையும் அங்கேயே சொல்லிவிட்டு வாருங்கள்.

தடுப்பூசி, முகாம் தேதிகளுக்கு உங்கள் பகுதி கால்நடை மருந்தகத்தையும், நடுவர், பயிற்சி தொடர்பான விவரங்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும், சங்கப் பதிவுக்கு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தையும் நேரில் அணுகலாம்.